கைராசிக்காரி சொல்கிறேன், கேள்

தம்பி,

இதை போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா, கஸ்டமர் நிக்கிறாங்க" என்று வைத்துவிடுவாய். பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு எப்போதும் எதிரில் யாராவது நின்றுகொண்டுதான் இருப்பார்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால் எழுதுகிறேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருக்கிறார். "கொஞ்சம் பாத்து எழுது, வளந்த பிள்ளை" என்று ஒரு தடவை சொன்னார். வளர்ந்த பிள்ளையாக இருப்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது, சின்னப் பிள்ளையாக இருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன் என்றேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி. கறிவேப்பிலை துளிர்த்ததா என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எங்கம்மா, எல்லாம் காஞ்சு போச்சு. துளசி கூட திரும்பவும் போயிடுச்சு. இவ கை அப்படி. கைராசின்னு ஒண்ணு வேணும்ல? உங்க கை வராதும்மா." பின்னால் உன் அடுத்த வீட்டு அம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டது. ரேவதியின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவள் அங்கேதான் நின்றிருப்பாள். அதற்கு முந்தைய நிமிஷம் வரை போன் அவள் கையில்தானே இருந்தது.

வயிற்றில் வளர்ந்த பிள்ளையை இழந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணைப் பார்த்து, இவள் கை பட்டது எதுவும் பிழைக்காது என்று கட்டிய புருஷன் சொல்கிறான். அதுவும் ஊரார் முன்னால், சிரித்துக்கொண்டு. நான் செடியைத்தானே சொன்னேன் என்பாய். செடியைத்தான் சொன்னாய், யார் இல்லை என்றது? அவள் காதில் அது செடியாக விழுந்திருக்கும் என்று நினைக்கிறாயா? என் பிள்ளை வாயிலிருந்தா இந்தப் பேச்சு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோது நீ வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுததைப் பார்த்தவள் நான். ஆனால் நரம்பில்லாத நாக்குக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதே.

நம் ஊரில் கைராசிக்காரி யார் என்று கேட்டால் உன் அம்மாவைத்தான் காட்டுவார்கள். நீயும் அதைப் பார்த்தே வளர்ந்தாய். நடவு நாளில் முதல் நாற்று முடியை, ஒரு பிடி நாற்றுக்கட்டுதான் அது, வயலின் வடகிழக்குச் சனி மூலையில் நடுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். புது வீட்டுக்குத் துளசி வைக்க வேண்டுமா, பூசணி விதை ஊன்ற வேண்டுமா, "அக்கா, நீங்க வந்து ஒரு கை போட்டுட்டுப் போங்க" என்பார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நின்று பேசுகிற மரியாதை யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் என் கையை நானே பலநாள் உற்றுப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் நறுக்கிய காயமும், சாணி தட்டிய வெடிப்பும், கரண்டி சூடு பட்ட தழும்பும்தான் அதில் இருக்கின்றன. வேறொன்றையும் நான் பார்த்ததில்லை.

நம் கொல்லையை நினைத்துப் பார். பின்னால் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதங்களில் கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறிவிடும். காலம்காலமாகக் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், குளித்த தண்ணீர் இன்னொரு பக்கம் ஓடும். கிழக்கே தென்னை, மேற்கே வாழை, நடுவில் அரை வெயில், அரை நிழல். அங்கே விளக்குமாற்றுக் குச்சியை ஊன்றினால்கூடத் துளிர்க்கும். வெற்றிலைக் கொடி சொல்லாமல் கொள்ளாமல் தென்னையில் ஏறியது என்றால் அது என் கையா? வல்லாரை கிணற்றடியில் பாய் விரித்த மாதிரிப் படர்ந்தது என்றால் அது நான் செய்த புண்ணியமா? தண்ணீர் செய்தது, மண் செய்தது. பெயர் எனக்கு வந்தது.

இந்தப் பெயரை நம்பித்தான் உன் புது வீட்டுக்கு நான் அந்த வேலை செய்தேன். கிரகப்பிரவேசத்துக்கு வேனில் என்னென்ன ஏற்றினேன் என்று நினைவிருக்கிறதா? கறிவேப்பிலைக் கன்று, வெற்றிலைக் கொடி, வல்லாரை, புதினா, துளசி, எல்லாவற்றையும் வேரோடு பெயர்த்து வாழை மட்டையில் கட்டி எடுத்துவந்தேன். அதோடு நிறுத்தினேனா? பிறந்த மண்ணோடு போனால்தான் செடி பிடிக்கும் என்று நம் கொல்லைக் களிமண்ணையும் சாக்குச் சாக்காக அள்ளி ஏற்றினேன். "வேதாரண்யத்துல மண்ணே கிடையாதாம்மா?" என்று டிரைவர் கேட்டான். இந்த மண் கிடைக்காது தம்பி என்று பெருமையாகச் சொன்னேன். உன் வீட்டு மணலில் குழி எடுத்து, அந்தக் களியைக் கொட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒவ்வொரு செடியையும் நானே நட்டேன். நன்றாகக் கேட்டுக்கொள். நட்டது என் கை. ரேவதி பக்கத்தில் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். கைராசிக்காரி நட்ட செடியே காய்ந்துபோயிற்று. பழி மட்டும் தண்ணீர் ஊற்றினவளுக்கு. நல்லா இருக்குடா உன் நியாயம்!

ஏன் காய்ந்தது என்பது போன மாதம் நான் வந்திருந்தபோது தெரிந்தது. காலையில் உங்கள் போர் குழாயில் வாய் கொப்பளித்தேன். கரித்தது. குடிக்கிற தண்ணீர் உங்களுக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது, அது வருகிற நேரத்தில் குடம் பிடித்து வைக்கிறீர்கள். செடிக்கு ஊற்றுவதெல்லாம் போர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ரேவதி அதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். அதே தண்ணீர் செடிக்கு மட்டும் இனிக்குமா? கறிவேப்பிலையின் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது. குழியைக் கிளறிப் பார்த்தேன். நான் போட்ட களிமண் ஓடு மாதிரி இறுகி, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. சுற்றியிருந்த மணலில் அப்படி இல்லை. மணலில் ஊற்றும் தண்ணீர் உப்பையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விடுகிறது. என் களிமண் அதைப் போகவிடாமல் சட்டி மாதிரிப் பிடித்து வைத்துக்கொண்டது. அந்தச் சட்டிக்குள் வேர் உட்கார்ந்திருந்தது. பாசமாகக் கொண்டுவந்த மண்ணேதான் செடிகளைக் கொன்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி சொல்வோமே, உன் வீட்டில் கூடம் நிஜமாகவே கோணல். அதைக் கோணலாக்கியவள் நான்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்குப் போய் யோசித்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நீ இதற்குள் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாய்.

ரேவதியின் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாவிட்டால் அவள் பிறந்த குடவாசலில் போய்க் கேள். பெண் பார்க்கப் போனோமே, அப்போது உன் கண் வேறு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு அவரைப் பந்தல், அதற்குக் கீழே இஞ்சி, வேலியெல்லாம் தூதுவளை. "எல்லாம் இவ வெச்சதுங்க, நாங்க யாரும் கிட்டப் போறதில்ல" என்று அவள் அம்மா சொன்னார். இந்தப் பெண்ணையே பேசி முடித்துவிடலாம் என்று நான் முடிவு செய்தது அங்கேதான், உன் அப்பாவைக் கேள். அதே கைதான் உப்பளத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. கை மாறவில்லை, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. பெண்ணும் நாற்றும் ஒன்று, பிறந்த இடத்தில் முளைத்துப் புகுந்த இடத்தில் விளையும் என்று கல்யாண மேடையில் மைக் பிடித்துப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. நாற்றுக்குக் காது கிடையாது. ரேவதிக்கு இருக்கிறது.

இப்போது உன் சித்தியைப் பற்றிச் சொல்கிறேன். இது உன் அப்பாவுக்கே தெரியாத விஷயம். இதை எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டப்போகிறேன், அந்தப் பேப்பர் கையிலிருந்து விழுகிறதா இல்லையா பார். மன்னார்குடிக்கு போன் போட்டு உன் சித்தியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "சொல்லிக்குங்கக்கா. இனிமே என்னை யாரு என்ன பண்ணிடப் போறாங்க" என்றாள்.

நாங்கள் இரண்டு மருமகள்களும் ஒரே வீட்டில் இருந்த காலம். கொல்லையை ஆளுக்குப் பாதியாகப் புழங்கினோம். சித்தியின் பாதியில்தான் முன்பு நெல் அவிக்கிற அடுப்பு இருந்தது. பல வருஷம் சாம்பலும் கொதிதண்ணீரும் விழுந்து விழுந்து செத்துப்போன மண் அது. அவள் வைத்த தூதுவளை மஞ்சளாகி விழுந்தது, வெற்றிலைக் கொடி அழுகியது. அதே வருஷம் அவளுக்குப் பிறந்த முதல் பிள்ளை தங்கவில்லை. யாரோ ஒருத்தி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். அவ்வளவுதான், தெருவுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் விதை போடுகிற இடத்தில் அவள் நிழல்கூட விழக் கூடாது என்றார்கள். யாராவது பாத்தி கட்டினால் அவளே ஒதுங்கி வேறு பக்கம் போய்விடுவாள். யாரும் சொல்லித் துரத்த வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்காது.

ஒரு சம்பா நடவு. பக்கத்து வயல்காரர் விடியற்காலை நல்ல நேரத்தில் முதல் முடியை நான்தான் நட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். கிளம்பும்போது பார்க்கிறேன், நான் வீட்டுக்குத் தூரம். பிள்ளைக்கு எழுதுகிற விஷயமா இது என்று நினைக்காதே, உனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த நாளில் நாற்றைத் தொடக் கூடாது என்று நம்பினோம். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். நாற்று பறித்துக் கிடக்கிறது, நடவுப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். இருட்டுக்குத் துணையாக, வரப்போடு நின்றுவிடு என்று சொல்லி உன் சித்தியையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். இன்னும் யாரும் வந்து சேரவில்லை. வரப்பில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். "நீ எறங்குடி" என்றேன். "அக்கா, வேணாங்க்கா, என் கையிலயா?" என்று பின்வாங்கினாள். "எறங்குடின்னா எறங்கு, நேரம் போவுது" என்று அதட்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முடியைப் பிரித்து, சனி மூலையில் வரிசையாக, அழகாக நட்டாள். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. கை கழுவிக்கொண்டு அவள் வரப்பேறித் தள்ளி ஒதுங்கியபிறகுதான் வயல்காரர் கற்பூரமும் வாழைப்பழமுமாக வந்து சேர்ந்தார். "என்னங்க, அதுக்குள்ள நட்டாச்சா?" என்றார். "நேரம் தப்பிடும்ல, அதான் நட்டாச்சுங்க" என்றேன். யார் நட்டது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் அந்த வயல் விளைந்ததைத் தெருவே பேசியது. அறுவடை முடிந்ததும் அவர் புது அரிசியும் வெற்றிலை பாக்குமாக நம் வீட்டுக்கு வந்து, "உங்க கை கைதாம்மா. அந்தக் கைக்கு மோதிரம் போடணும்" என்றார். அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது உன் சித்தி. சொம்பை வாங்கும்போது அந்தக் கையை அவர் பார்க்கவேயில்லை. அவர் போனதும் நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். பிறகு நான், இதை எல்லாரிடமும் சொல்லிவிடலாம்டி, உன் பேர் மாறிவிடும் என்றேன். அவள் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. "சொல்லிடாதீங்கக்கா. என் கை நல்ல கைதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது போதும். வெளியில சொன்னீங்கன்னா, அடுத்த வருஷம் பூச்சி விழுந்தா அதுவும் என் தலையிலதான் விழும்" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள், நன்றாக இருக்கிறாள். ஆனாலும் மன்னார்குடி வீட்டு மொட்டை மாடியில் ஒரு தொட்டிகூடக் கிடையாது. மகள் செடி வாங்கி வந்தால் "நீயே வெச்சுக்கோ" என்று உள்ளே போய்விடுவாளாம்.

ரேவதி அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உன் வீட்டில் செடி வளர்ந்தாக வேண்டும், வளராவிட்டால் நான் சொல்வதை நீ நம்பமாட்டாய். எனவே செடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பேங்க் புத்தி உள்ளவனுக்கு அதுதான் புரியும். முதல் வேலை, நான் கொட்டிய களிமண்ணை வெட்டி வெளியே போடு. என் மனசு புண்படும் என்று யோசிக்காதே. மழைக்கு முன்பே போட்டுவிடு. ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் மணலில் இறங்கினால் மேலே கிடக்கிற உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதுவரை எதையும் நடாதே. ஆடிக் காற்றிலும் ஆவணி வெயிலிலும் கடலோரத்தில் பிஞ்சுச் செடியை வைப்பது பாவம். மழை ஓய்கிற சமயம்தான் உங்கள் ஊருக்கு நடவுக்காலம். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் களி ஊறி வேர் அழுகும், உங்கள் பக்கம் அதுவே நல்ல நேரம். ஊருக்கு ஊர் நல்ல நேரமே மாறுகிறது பார்.

என்ன வைப்பது என்பதற்கு என்னைக் கேட்காதே. ஒரு நாள் சாயங்காலம் ரேவதியோடு அந்தத் தெருவில் நட. யாரும் தண்ணீர் ஊற்றாமல் வேலியோரம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை நொச்சி நிற்கிறது, மருதாணி நிற்கிறது, கற்றாழை கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. முருங்கைக்கு உங்கள் ஊர் மணல்தான் சொர்க்கம். நொச்சியைக் கடல் பக்கத்து வேலியில் வரிசையாக ஊன்று. உப்புக்காற்றை அது முதலில் வாங்கிக்கொள்ளும், கொசுவுக்குப் புகை போடத் தழையும் ஆகும், தலைபாரத்துக்கு ஆவி பிடிக்கவும் ஆகும். அதன் மறைவில் ஆடாதொடையும் தூதுவளையும் வைத்துப் பார்க்கலாம், பிடித்தால் இருமலுக்குக் கடைக்குப் போக வேண்டாம். வெட்டிவேர் மணலில் நன்றாக இறங்கும். துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் தொட்டிதான் சரி, அவற்றுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். மாடியில் விழுகிற மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வை, அதிலிருந்து கொஞ்சமாக ஊற்றினால் போதும். தொட்டிக்குத் தேங்காய் நார்த்தூள் போடுவதென்றால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடு, அதிலும் உப்பு இருக்கும். தொட்டியின் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள். வெற்றிலை, வல்லாரை, புதினா இவற்றை விட்டுவிடு. அவை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். வேண்டும்போது பறித்து ஈரத்துணியில் சுற்றி, உங்கள் ஊர்ப்பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். எல்லாச் செடியும் எல்லா வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இத்தனைக்கும் சில செடி பட்டுப்போகும். புயல் ஒன்று வந்தால் எல்லாமே போகும். உங்கள் ஊரில் அது புதுசா? போனால் மறுபடி வைக்க வேண்டியதுதான். அதற்காக யார் கையையும் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

போன மாதம் நான் வந்திருந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நீ வேலைக்குப் போயிருந்தாய். அடுத்த வீட்டு அம்மா தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் மடியில் போட்டார், கொஞ்சினேன். பிறகு, "ரேவதி, நீ கொஞ்சம் வெச்சிரு, நான் காபி போடுறேன்" என்று நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் அத்தை, கை ஈரமா இருக்கு" என்றாள். அவள் கை ஈரமாக இல்லை தம்பி. நான் பார்த்தேன். காய்ந்த கை. ஏதோ தயங்குகிறாள், பிள்ளையை இழந்தவள்தானே, மனசு ஆறட்டும் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்தபோதுதான் அது எனக்கு விளங்கியது. நீ இதை ஒரே ஒரு தடவை மட்டும் சொல்லியிருக்கமாட்டாய். ஒவ்வொரு செடி காயும்போதும் சொல்லியிருப்பாய், விளையாட்டாகத்தான். அவள் அதை நம்பிவிட்டாள். தான் தொட்டால் அந்தப் பச்சைப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவளுக்கே ஒரு பிள்ளை பிறந்து, அதையும் இந்தப் பயத்தோடு அவள் தூக்க வேண்டுமா?

வரும் வெள்ளிக்கிழமை நம் வயலில் நடவு. முதல் முடியை ரேவதியை விட்டு நடச்சொல்லலாம், தெருவெல்லாம் பார்க்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அப்பாவும் சரி என்றார். பிறகு உன் சித்தி அடுப்படியில் சொன்னது நினைவுக்கு வந்தது. விளைந்தால் ரேவதி கைராசிக்காரி ஆவாள், அப்போது வேறு எவளோ ஒருத்தி ராசியில்லாதவள் ஆவாள். விளையாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இரண்டும் வேண்டாம். முதல் முடியை இந்த வருஷம் யார் முதலில் இறங்குகிறார்களோ அவர்கள் நடட்டும் என்று சொல்லிவிட்டேன். கைராசிக்காரி வேலையிலிருந்து நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். தெருவில் முணுமுணுப்பு இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் வீட்டில் இந்த முறை செடியை நீ நடு. குழி நீ எடு, தண்ணீர் நீ ஊற்று. ரேவதிக்கு மனசு வந்து தானாக வந்து தொட்டால் தொடட்டும், நீ கூப்பிடவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். உன் செடி காய்ந்தால் அடுத்த வீட்டு அம்மா என்ன சொல்வார் தெரியுமா? "இந்த ஊரு தண்ணி அப்படி தம்பி" என்பார். உன் கையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஆம்பளை நட்டது செத்தால் தண்ணீர் சரியில்லை, பொம்பளை நட்டது செத்தால் அவள் சரியில்லை. அந்த வித்தியாசத்தை நீயே உன் காதால் கேள். கேட்டபிறகு உனக்கு வெட்கமாக இருந்தால், நான் பிள்ளை வளர்த்தது சரிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். முடியாதுதான். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே. எந்த அம்மா முன்னால் சொன்னாயோ, அவர் முன்னாலேயே போய், நான் சொன்னது தப்பு, தண்ணீரில்தான் உப்பு, இவள் மேல் ஒன்றுமில்லை என்று ரேவதி காதில் விழுகிற மாதிரி சொல். அவள் ஒன்றும் பதில் சொல்லமாட்டாள், அதை எதிர்பார்க்காதே. பிறகு ஒரு நாள் அந்த அம்மாவின் பேரப்பிள்ளையைக் கேட்டு வாங்கி வந்து அவள் மடியில் வை. அவள் கையை இழுத்துக்கொண்டால் அவசரப்படாதே, நீயும் பக்கத்தில் உட்கார். பிள்ளை அழுதால் அழட்டும், எந்தப் பிள்ளைதான் அழாது? இவள் கைக்குப் போனதால்தான் அழுகிறது என்று யாராவது வாயைத் திறந்தால், முதலில் எழுந்து பதில் சொல்கிற ஆள் நீயாக இரு.

உன் அம்மா